கோட்டைமேடும் விண்மீனும்

வாஷிங்டன் நகரில் இருட்டுக்காகக் காத்திருக்கும் மக்களைக் காண வேண்டுமானால், ராக் கிரீக் பூங்காவுக்குச் செல்ல வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில், பூங்காவின் இயற்கை மையத்தை அடுத்த புல்வெளியில் அவர்கள் கூடுகின்றனர். மடக்கு நாற்காலியோடு வருவோர் சிலர். புல்லின்மேல் போர்வையை விரித்து அமர்வோர் சிலர். உறங்கும் நேரம் கடந்தும் உறங்காத குழந்தைகள் இங்குமங்கும் ஓடுவர். தன்னார்வ வானியலர் தத்தம் தொலைநோக்கிகளை முக்காலிகளில் பொருத்தி, இன்னும் வெளிச்சம் வடியாத வானத்தை நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பர். நகரமெங்கும் விளக்குகள் ஏற்றப்படும் வேளையில், இருள் வரட்டும் என்று ஒரு கூட்டம் பொறுமையோடு அமர்ந்திருப்பது விந்தையான காட்சிதான்.

இந்தக் கூட்டம் புதிதன்று. தேசியப் பூங்காத் துறையும் அந்நகரின் வானியல் ஆர்வலர் சங்கமும் இணைந்து இந்நிகழ்ச்சியை 1948ஆம் ஆண்டில் தொடங்கின. மனிதன் செய்த பொருள் எதுவும் அன்று புவியைச் சுற்றிவரவில்லை. முதல் செயற்கைக்கோள் ஏவப்படுவதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அன்று தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை இன்று பேரக்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வரக்கூடிய அகவையில் இருக்கும். கட்டணம் இல்லை, முன்பதிவுச் சீட்டும் தேவையில்லை. மேகம் மட்டும் வராதிருக்க வேண்டும்.

ராக் கிரீக் என்பதற்குப் பாறைகள் நிறைந்த ஓடை என்பது பொருள். மேரிலாந்தில் தோன்றும் அவ்வோடை, தலைநகரின் நடுவே ஓர் ஆழ்ந்த பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு சென்று பொட்டோமாக் ஆற்றில் கலக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த சில ஆண்டுகளில், குடியரசுத் தலைவருக்கு நகரின் புழுக்கத்திலிருந்து விலகிய உடல்நலத்திற்கேற்ற மாளிகை அமைக்கவும், மக்களுக்குப் பூங்கா அமைக்கவும் இடம் தேடிய மைக்லர் என்னும் படைப் பொறியாளரின் கண்ணில் இப்பள்ளத்தாக்கு பட்டது. மாளிகை அங்கே எழவில்லை, பூங்கா எழுந்தது. அதற்கும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆயின. 1890 செப்டம்பர் 27 அன்று பெஞ்சமின் ஹாரிசன் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதே வாரத்தில்தான் மேற்குக் கோடியில் செக்கோயா, யோசெமிட்டி ஆகிய பெருங்காடுகளும் தேசியப் பூங்காக்களாயின. அவை இரண்டும் மனிதர் வாழிடங்களுக்கு வெகு தொலைவில் இருந்தன. ராக் கிரீக்கோ தெருக்கோடியில் இருந்தது. ஆயிரத்து எழுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட அந்நிலம் காப்பாற்றப்படாதிருந்தால், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் அது வீட்டுமனைகளாக மாறியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அப்பள்ளத்தாக்கின் ஊற்றுகளுக்கு அடியில் ஒரு சிற்றுயிர் வாழ்கிறது. இறாலின் உறவு, நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர், நிறமும் இல்லை, கண்ணும் இல்லை. நிலத்தடி நீரின் முழு இருளில் வாழ்ந்து மடியும் அவ்வுயிர் 1982 முதல் அழிவுநிலை உயிர்களின் பட்டியலில் உள்ளது. விண்மீன் காண வருவோருள் பெரும்பாலோர் அதனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இருளையே நம்பி வாழும் ஓர் உயிர் தம் காலடியில் இருப்பது, இருளைத் தேடி வந்தவர்கள் அறிந்துகொள்ளத்தக்க செய்திதான்.

பகலில் வந்தோர்க்கு அப்பூங்கா வேறொன்றையும் தருகிறது. அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த பூங்காக் காவலர் ஒருவர் இருபது முப்பது பேரை அழைத்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடப்பார். மேடையும் ஒலிபெருக்கியும் இல்லை. ஒரு மண்மேட்டின்மீது ஏறி நின்று பேசத் தொடங்குவார். கேட்போர் அது வெறும் மேடு என்றே எண்ணி நின்றிருப்பர். ஓக் மரங்களும் சருகும் மூடிய அம்மேடு டெரூசி என்னும் கோட்டையின் கரை என்றும், அருகிலுள்ள பள்ளம் அதன் அகழி என்றும் அவர் சொன்ன பிறகு, மேடும் பள்ளமும் மெல்ல ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. 1861இல் எழுப்பப்பட்ட அக்கோட்டை, தலைநகரைச் சூழ்ந்து நின்ற 68 கோட்டைகளுள் ஒன்று. பீரங்கியின் பார்வைக்குத் தடையாயிருந்த மரங்கள் அனைத்தும் அன்று வெட்டி வீழ்த்தப்பட்டன. ஆதலால் இன்று அங்கே நிழல் தரும் காடு, பழங்காடு போலத் தோன்றினாலும், போருக்குப் பின் வளர்ந்ததே.

அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், இன்று வீடுகளுக்கும் ஒரு தேவாலயத்திற்கும் நடுவே, ஸ்டீவன்ஸ் கோட்டையின் எஞ்சிய பகுதி உள்ளது. 1864 ஜூலை 11, 12 ஆகிய நாள்களில் தலைநகர் காப்பாற்றப்பட்டது அங்கேதான். ஜூபல் எர்லி என்னும் தென்னவர் தளபதி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரரோடு வடக்குப் பக்கமாகச் சுற்றிவந்து நகரின் வாயிலில் நின்றார். தலைநகரைக் காக்க வேண்டிய படையில் பெரும்பகுதி அப்போது வர்ஜீனியாவில் போர்முனையில் இருந்தது. இரண்டு நாளுக்கு முன் மோனோகசி ஆற்றங்கரையில் லூ வாலஸ் என்பவர் சிறுபடையோடு எர்லியை எதிர்த்துத் தோற்றிருந்தார். ஆனால் அத்தோல்வி எர்லிக்கு ஒரு முழு நாளைச் செலவாக்கியது. அந்த ஒரு நாளில்தான் உதவிப்படையின் கப்பல்கள் பொட்டோமாக் துறையை வந்தடைந்தன. (அதே வாலஸ் பின்னாளில் ‘பென்-ஹர்’ என்னும் புகழ்பெற்ற புதினத்தை எழுதினார். தோற்ற போருக்காக நினைக்கப்படாமல் நாவலுக்காக நினைக்கப்படுவது அவருக்கு நேர்ந்த சிறு அநீதி எனலாம்.)

இரண்டாம் நாள் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் அக்கோட்டைச் சுவரின்மீது ஏறி நின்று சண்டையைப் பார்த்தார். அவருக்கு அருகில் நின்ற படை மருத்துவர் ஒருவர் மீது குண்டு பாய்ந்தது. உயரமான மனிதர், உயரமான தொப்பி வேறு. ‘இறங்குங்கள்’ என்று அவரை அதட்டியவர் யார் என்பதற்குப் பல கதைகள் உண்டு. பின்னாளில் உச்சநீதிமன்ற நீதிபதியான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்தான் அவ்விளம் அதிகாரி என்பது அவற்றுள் மிகவும் சுவையான கதை. சுவை மிகுந்ததனாலேயே அது உண்மையாகிவிடாது. நல்ல காவலர் அக்கதையைச் சொல்வார்; சொன்னபின், அதற்கு அக்காலத்துச் சான்று இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார். கேட்போர் முகத்தில் சிறிது ஏமாற்றம் தோன்றும். வரலாற்றைப் பொதுவெளியில் பேசுவோர்க்கு இதுவே கடினமான பணி. கூட்டத்தை மகிழ்விக்கும் கதையும், ஆவணம் தாங்கும் உண்மையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

அக்கோட்டைக்குக் கீழே ஒரு வீடு இருந்தது. நெடுங்காலம் இப்பகுதி சொல்லப்படாமலே கடந்து செல்லப்பட்டது. எலிசபெத் தாமஸ் என்னும் கருப்பினப் பெண்ணுக்கு உரிய வீடு அது. அவர் அடிமையாக இல்லாமல் தன்னுரிமையோடு வாழ்ந்தவர். சொந்தமாக நிலம் வைத்திருந்தவர். தலைநகரிலேயே அடிமைமுறை சட்டத்தால் ஏற்கப்பட்டிருந்த காலம் அது என்பதை எண்ணிப் பார்த்தால்தான், ஒரு கருப்பினப் பெண்ணின் பெயரில் வீடும் தோட்டமும் இருந்ததன் அருமை விளங்கும். அவ்விடம் மேடாக இருந்தது. வடக்கிலிருந்து வரும் சாலையை அங்கிருந்து நன்கு காணலாம். படைக்கு அந்த மேடு தேவைப்பட்டது.

அவர் முதுமையில் கூறிய நினைவு இது: படைவீரர்கள் வந்தனர். அவர்கள் பேசிய ஜெர்மன் மொழி அவருக்கு விளங்கவில்லை. வீட்டிலிருந்த தட்டுமுட்டுப் பொருள்களை வெளியே எடுத்து வைத்தனர். பின்னர் கூரையைப் பிரித்தனர். கைக்குழந்தையை ஏந்திக்கொண்டு அவர் ஒரு மரத்தடியில் அமர்ந்து அழுதார். அன்று மாலை நெட்டையான ஒருவர் வந்து, இது கொடுமைதான் என்றும், இதற்குரிய பெரும்பயனை ஒருநாள் அவர் அடைவார் என்றும் ஆறுதல் கூறினார். வந்தவர் லிங்கன் என்று அவர் பிற்காலத்தில் நம்பினார். நெடுநாள் வாழ்ந்து 1917இல் மறையும்வரை அக்கதையை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கோட்டையில் ஆண்டுதோறும் கூடிய பழைய படைவீரர்கள் அவரை ‘பெட்டி அத்தை’ என்று அழைத்துத் தம்மோடு நிற்கவைத்து நிழற்படம் எடுத்துக்கொண்டனர்.

இதில் எது உண்மை? வீடு இடிக்கப்பட்டது உண்மை. நிலத்தின்மேல் கோட்டை எழுந்தது உண்மை. நெட்டையான மனிதர் யார் என்பதை எந்த ஆவணமும் உறுதிசெய்யவில்லை. ஆயினும் ஹோம்ஸ் கதையைத் தள்ளிவைப்பதுபோல் இதனைத் தள்ளிவைத்துவிட முடிவதில்லை. ஹோம்ஸ் போன்றவர்களைப் பற்றி எழுதப்பட்டவை நூலகங்களை நிரப்பும். எலிசபெத் தாமஸைப் பற்றி எஞ்சியவற்றுள் பெரும்பகுதி அவரே தம் வாயால் சொன்னதுதான். ஒரு நாட்டின் தலைநகர் காப்பாற்றப்பட்டபோது அதற்கு விலை கொடுத்தவர் பட்டியலில், அரை மைல் வடக்கே சிறு கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் 41 வீரர்களின் பெயர்கள் உள்ளன. கூரை பிரிக்கப்பட்ட வீட்டுக்குக் கல்லறை இல்லை. இன்று காவலர்கள் தம் உரையில் அவரது பெயரைத் தவறாமல் சேர்த்துக்கொள்வதை அரசியல் என்று முணுமுணுப்போரும் உண்டு. அவர் பெயரை விட்டுவிடுவது மட்டும் எவ்வாறு அரசியலாகாமற் போகும் என்று அவர்கள் விளக்குவதில்லை.

ஓடைக்கரையில் உள்ள பியர்ஸ் மாவரைக்கும் ஆலையிலும் இதே வினா எழுகிறது. ஓடை நீரால் சுழன்ற அதன் சக்கரத்தைக் குழந்தைகள் வியந்து நோக்குவர். அக்குடும்பத்தின் நிலத்தில் அடிமைகள் உழைத்தனர் என்பதையும் அங்கே சொல்லியாக வேண்டும். 1862 ஏப்ரல் 16 அன்று தலைநகர் அடிமைகளுக்கு விடுதலை அளித்த சட்டம், இழப்பீடும் அளித்தது. ஒருவருக்கு 300 டாலர் வரை. அப்பணம் சென்று சேர்ந்தது விடுதலை பெற்றவர்களின் கையில் அன்று. அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களின் கையில்.

பூங்காவின் வட எல்லையில், மரங்களுக்கு இடையே ஒரு குட்டையான கல் நிற்கிறது. சுற்றிலும் இரும்புவேலி. ‘வடமேற்கு 9’ என்பது அதன் பெயர். தலைநகருக்கென ஒதுக்கப்பட்ட நிலம், ஒவ்வொரு பக்கமும் பத்து மைல் கொண்ட சதுரம். அச்சதுரத்தைச் சுற்றி மைலுக்கு ஒன்றாக 40 கற்கள் நடப்பட்டன. வர்ஜீனியாப் பக்கத்துக் கற்கள் 1791இலும், மேரிலாந்துப் பக்கத்துக் கற்கள் 1792இலும் நிறுத்தப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. பகற்கதையையும் இராக்கதையையும் இணைக்கும் இடம் இக்கல்தான். ஏனெனில் அந்நகரின் எல்லை முதலில் வானத்தில்தான் அளக்கப்பட்டது.

காடும் சதுப்பும் நிறைந்த நிலத்தில் பத்து மைல் நீளத்துக்கு நேர்கோடு கிழிப்பது எளிதன்று. காந்த ஊசி காட்டும் வடக்கு மெய்யான வடக்கு அன்று. அதன் விலகல் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே நில அளவர்கள் விண்மீன்களை நம்பினர். ஏறக்குறைய நேர் உச்சியை நோக்கி நிறுத்தப்பட்ட ஒரு நெடிய தொலைநோக்கியின் வழியே, குறிப்பிட்ட விண்மீன் உச்சிவட்டத்தைக் கடப்பதை இரவுதோறும் காண வேண்டும். அது கடக்கும் கோணத்திலிருந்து அவ்விடத்தின் குறுக்குக்கோட்டைக் கணக்கிடலாம். கடக்கும் நொடியைப் பிழையின்றிக் குறிக்க நல்ல கடிகாரம் வேண்டும். அக்கடிகாரம் பிழையாக ஓடினால் கணக்கும் பிழையாகும். ஆதலால் கடிகாரத்தையும் சூரியனையும் விண்மீன்களையும் கொண்டு நாள்தோறும் சரிபார்க்க வேண்டும்.

1791இன் தொடக்கத்தில், பொட்டோமாக் கரையின் ஜோன்ஸ் முனையில், குளிரில் கூடாரமடித்து அவ்வேலையைச் செய்தவர் பெஞ்சமின் பேனக்கர். அப்போது அவருக்கு 59 அகவை. விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகன்; மேரிலாந்தில் புகையிலை பயிரிட்ட உழவர். இளமையில் மரத்தைச் செதுக்கிக் கடிகாரம் செய்தவர். அது ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடியது. வானியலை அவர் கற்றதோ முதுமையை நெருங்கும் காலத்தில். பக்கத்து ஊர் ஆலையுடைமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் எல்லிகாட் என்பவர் இரவலாகத் தந்த நூல்களையும் கருவிகளையும் கொண்டு, ஆசிரியர் எவருமின்றித் தாமே கற்றார். அக்குடும்பத்து உறவினரான ஆண்ட்ரு எல்லிகாட்டிடம் தலைநகரின் எல்லையை அளக்கும் பொறுப்பு வந்தபோது, அவர் பேனக்கரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

பேனக்கரைச் சுற்றியும் புனைகதைகள் வளர்ந்துள்ளன. நகரின் வரைபடத்தைப் பிரெஞ்சுப் பொறியாளர் எடுத்துச் சென்றுவிட, பேனக்கர் அதனை நினைவிலிருந்தே மீண்டும் வரைந்தார் என்பது பரவலான ஒன்று. அதற்குச் சான்றில்லை. அவர் ஏப்ரல் இறுதியிலேயே தம் பண்ணைக்குத் திரும்பிவிட்டார். பூங்காவில் நிற்கும் ‘வடமேற்கு 9’ கல்லை அவர் தொட்டிருக்க வழியில்லை. அவர்மீது பேரன்பு கொண்டவர்களே இதனைக் கேட்டு முகம் வாடுவர். வாட வேண்டியதில்லை. கடுங்குளிரில், முதிய உடலோடு, மூன்று மாத காலம் இரவு விழித்து விண்மீன் பார்த்துக் கடிகாரத்தைக் காத்த பணிக்கு அலங்காரம் தேவையில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று அவர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு ஒரு மடல் எழுதினார். தாம் கணித்த பஞ்சாங்கத்தின் கைப்படியையும் உடன் அனுப்பினார். மனிதர் யாவரும் நிகராகவே படைக்கப்பட்டனர் என்று விடுதலை அறிக்கையில் எழுதியவர் ஜெஃபர்சன். நூற்றுக்கணக்கானோரைத் தம் வாழ்நாளில் அடிமைகளாக வைத்திருந்தவரும் அவரே. அவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும் என்று பேனக்கர் பணிவான சொற்களில், ஆனால் தப்பிக்க இடம் தராமல் கேட்டார். ஆகஸ்ட் 30 அன்று ஜெஃபர்சன் மரியாதையாகப் பதில் எழுதினார். பஞ்சாங்கத்தைப் பாரிசு அறிவியல் கழகத்துக்கு அனுப்புவதாகத் தெரிவித்தார். கேள்விக்கு மட்டும் விடை சொல்லவில்லை.

பேனக்கரின் பஞ்சாங்கங்கள் 1792 முதல் 1797 வரையிலான ஆண்டுகளுக்கு அச்சில் வந்தன. 1806 அக்டோபரில் அவர் மறைந்தார். அவரை நல்லடக்கம் செய்த நாளிலேயே அவரது மரவீடு தீப்பற்றி எரிந்தது. மரக்கடிகாரமும் உடன் எரிந்தது. தீ வருவதற்கு முன்பே அவருடைய குறிப்பேடும் இரவல் கருவிகளும் எல்லிகாட் வீட்டுக்குத் திருப்பித் தரப்பட்டிருந்தன. அந்த ஒரு நேர்மைதான் அவரது கணக்குகளை நெருப்பிலிருந்து காத்தது. ஒரு மனிதரின் அறிவுக்குச் சான்று எஞ்சுவதும் எஞ்சாமற் போவதும் எவ்வளவு சிறிய நிகழ்ச்சிகளைச் சார்ந்துள்ளது!

தலைநகர் பின்னர் வானத்தை மறந்துவிடவில்லை. விண்ணோக்கு நிலையம் வேண்டும் என்று 1825இல் கேட்ட ஜான் குவின்சி ஆடம்ஸை எதிர்க்கட்சியினர் எள்ளி நகையாடினர். இருபதாண்டுக்குள் கடற்படையின் நிலையம் எழுந்துவிட்டது. அதுவும் ராக் கிரீக் ஆற்றோடு கலக்கும் இடத்துக்கு அருகில். 1877 ஆகஸ்டில் அங்கேதான் அசாஃப் ஹால் செவ்வாயின் இரு நிலவுகளைக் கண்டுபிடித்தார். தேடிச் சலித்துக் கைவிட நினைத்தவரை இன்னும் ஓரிரவு பார்க்குமாறு தூண்டியவர் அவருடைய மனைவி ஏஞ்சலின் ஸ்டிக்னி. போபாஸ் என்னும் நிலவின் மிகப்பெரிய பள்ளம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஆற்று மூடுபனியும் மலேரியாவும் வாட்டியதால் நிலையம் 1893இல் மேட்டுப்பகுதிக்கு இடம்பெயர்ந்தது. மூடுபனியிலிருந்து தப்பியது, நகரின் விளக்கொளியிலிருந்து தப்ப எந்த மேடும் உதவவில்லை.

ஒளிமாசு என்று இன்று சொல்லப்படுவது அதுதான். மேல்நோக்கிச் சிதறும் தெருவிளக்கு ஒளி காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டு, வானம் முழுவதையும் சாம்பல் கலந்த செம்மஞ்சளாக்குகிறது. நல்ல இருளில் வெறுங்கண்ணுக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு விண்மீன்கள் ஒரே நேரத்தில் தெரியும். பெருநகரத்தில் சில நூறு தெரிந்தால் பேறு. உலக மக்களுள் மூன்றில் ஒரு பங்கினரும், வட அமெரிக்கர்களுள் ஐவரில் நால்வரும் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வழியைக் காண முடியாதவர்கள் என்று 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடம் காட்டியது. பேனக்கரின் கூடாரத்துக்கு மேலே விரிந்திருந்த வானம், அதே ஊரில், இன்று எவருக்கும் கிட்டாது. காடு அழிந்தால் வெட்டுமரம் கண்ணில் படும். வானம் அழிவது அவ்வாறு கண்ணில் படுவதில்லை. ஒரு தலைமுறை அறியாமலே வளர்ந்துவிடும். தாம் எதை இழந்தோம் என்று கேட்கவும் அவர்களுக்குத் தெரியாது.

அப்படியானால் இந்தப் புல்வெளிக்கு ஏன் வருகின்றனர்? இதைவிட இருண்ட இடங்கள் மலைப்பகுதியில் உண்டு. அங்கே செல்லச் சொந்த ஊர்தி வேண்டும். ஓர் இரவைச் செலவிடும் வசதி வேண்டும். இங்கே நகரப் பேருந்தில் வந்துவிடலாம். பாதி வானம் போனாலும் மீதி வானம் இலவசமாகக் கிடைக்கிறது. மழையோ மேகமோ உள்ள நாளில் இயற்கை மையத்தின் கோளரங்கம் இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் உள்ள ஒரே கோளரங்கம் அது. அதன் குவிமாடத்தில் முழு வானமும் தெரியும். ஆனால் அங்கே பார்த்த வானத்தை வெளியே வந்து தேடும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பது பெற்றோர்க்கு எளிதாக இராது.

ஜூலை மாதத்தில் இரவு ஒன்பதரையளவில் வானம் ஓரளவு இருளும். கைப்பேசிகளை அணைத்துவைக்குமாறு தன்னார்வலர்கள் கேட்டுக்கொள்வர். திரையரங்கினுள் நுழைந்தவுடன் படிகள் தெரியாமல் தடுமாறுவதும், சிறிது நேரத்தில் பக்கத்திலிருப்பவர் முகம் தெரிவதும் எல்லோரும் அறிந்ததே. கண்ணின் உட்திரை இருளுக்கு நன்கு பழக இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஒரு கைப்பேசியின் வெள்ளொளி அதனை ஒரே நொடியில் கெடுத்துவிடும். ஆதலால் அவர்கள் செந்நிறத் தாள் ஒட்டிய கைவிளக்குகளையே வைத்திருப்பர்.

முதலில் எழுமீன் அடையாளம் காட்டப்படும். அதன் வால்வளைவைப் பின்பற்றிச் சென்றால் செம்மஞ்சளாய் ஒளிரும் சுவாதி. தெற்கே தாழ்வாகச் சிவந்து நிற்பது கேட்டை. எழுமீனின் வாலில், நடுவிலுள்ள மீனின் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு சிறுமீன் உண்டு. திருமணத்தில் மணமகளுக்குக் காட்டும் அருந்ததி என்று தமிழர் அறிவது அதனைத்தான். அவ்வூர்க் குழந்தைகளுக்கு அதன் பெயர் அல்கார். கண்பார்வை நன்றாயிருந்தால் இந்நகர வானிலும் அதனைக் கண்டுவிடலாம்.

பின்னர் ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் பின்னால் வரிசை நீளும். ஒன்றில் நிலவின் பள்ளங்கள் தெரியும். காரிக்கோள் அப்போது வானில் இருந்தால் அதற்குத்தான் நீண்ட வரிசை. வளையத்தை முதன்முறை காண்போர், கண்ணாடியில் யாரோ படம் ஒட்டியிருக்கிறார்கள் என்று ஐயுற்று, குழாயின் முன்பக்கம் சென்று பார்ப்பதும் உண்டு.

உச்சிக்கு அருகில் நீலவெண்மையாய் ஒளிர்வது வேகா. அதன் பக்கத்தில் மங்கலான ஒரு விண்மீன். எப்சிலான் லைரே என்பது அதன் பெயர். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். இருகண்நோக்கியில் பார்த்தால் இரண்டு. நல்ல தொலைநோக்கியில், காற்று அசையாத நேரத்தில், அவ்விரண்டும் தனித்தனியே இவ்விரண்டாகப் பிரிந்து நான்காகும். அது ஏறத்தாழ 160 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதாவது, இப்போது கண்ணில் விழும் ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 160 ஆண்டுகள் ஆகின்றன.

பகலில் கோட்டைமேட்டில் நின்று கேட்டவர் எவரேனும் வரிசையில் இருந்தால், மனத்துக்குள் ஒரு கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். ஸ்டீவன்ஸ் கோட்டையில் புகை எழுந்து, லிங்கன் சுவரின்மேல் நின்று, மருத்துவர் சாய்ந்த காலத்தை ஒட்டிக் கிளம்பிய ஒளி அது. கூரையற்ற வீட்டின் தாய்க்கு அப்போது இன்னும் ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழ்வு எஞ்சியிருந்தது. அவ்வளவு காலமும் அந்த ஒளி வந்துகொண்டே இருந்திருக்கிறது. மரங்கள் வெட்டுண்ட மேட்டில் மறுபடியும் ஓக் முளைத்தபோதும், சட்டத்தில் ஹாரிசன் கையொப்பமிட்டபோதும், 1948இன் முதல் கூட்டம் இதே பூங்காவில் கழுத்தை நிமிர்த்தியபோதும்.

பதினொரு மணியளவில் முக்காலிகள் மடக்கப்படும். தூங்கிவிட்ட குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெற்றோர் ஊர்தி நிறுத்துமிடத்துக்கு நடப்பர். மிலிட்டரி சாலையில் வண்டிகளின் ஓசை தொடர்ந்து கேட்கும். படைகளைக் கோட்டைக்குக் கோட்டை கொண்டுசெல்லப் போடப்பட்ட சாலை என்பதால் வந்த பெயர் அது. கடைசி விளக்கும் போனபின், மரங்களின் ஓரத்திலிருந்து மான்கள் இரண்டு மூன்று புல்வெளிக்குள் வந்து, மக்கள் அமர்ந்து கசங்கிய புல்லை மேயத் தொடங்கும்.